இடப்பக்கம் பாத்துச் சொல்லு

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளி விடுகிற நேரத்தில் லூசியின் வேன் வாசல் தூணை உரசிக்கொண்டு போய் நின்றது. உள்ளே பதினாலு பிள்ளைகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கக் கண்ணாடி மட்டும் மடங்கித் தொங்கியது. கேண்டீன் ஜன்னலோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தாமரை அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

"பூனை குறுக்க ஓடுச்சு அண்ணே, அதான் ஒடிச்சிட்டேன்" என்று லூசி காவல்கார அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பூனை எதுவும் ஓடவில்லை. அந்தத் தூண் அங்கேதான் நிற்கிறது. லூசியும் பத்தொன்பது வருஷமாக அதே வாசலில்தான் வேனைத் திருப்புகிறாள். ஒரு நாள் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது தாமரைக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை. லூசியும் அவளும் வருஷத்துக்கு ஒரு தடவை போகிற பயணம். போகும்போது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். உனக்குக் கண் தெரிகிறதா இல்லையா, திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றலாமா கூடாதா, அவ்வளவுதான் கேள்வி. கேட்பது லேசு மாதிரிதான் இருந்தது. ஆனால் இருபத்தேழு வருஷச் சிநேகிதியிடம் அப்படிக் கேட்கத் தாமரைக்கு நாக்கு புரளவேண்டுமே.

இருவரும் பழகியது ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில். சூடாக இறங்கி வரும் ரப்பர் கையுறைகளை அச்சிலிருந்து உருவுகிற வேலை. தாமரை ஆறாம் வகுப்போடு நின்றவள், வாய் பேசாதவள். லூசி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், வாய் ஓயாதவள். லோரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் இக்னேஷியஸ் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது மகன் ரேமண்டுக்கு ஒன்பது வயது. ஒரு வருஷம் அழுதாள். அப்புறம் கையுறையை விட்டுவிட்டு வேன் லைசென்ஸ் எடுத்தாள். "அவரு விட்ட ஸ்டீரிங்க நான் புடிச்சிக்கிட்டேன்" என்பாள். மகனை அந்த வேனில்தான் படிக்க வைத்தாள். அவன் இப்போது ஜொகூரில் வேலையாக இருக்கிறான். தாமரையையும் பள்ளிக் கேண்டீனில் சேர்த்துவிட்டவள் அவள்தான்.

மே மாதம் அன்னையர் தினம் வருகிற சனி ஞாயிறில் ஊர் சுற்றுவது என்பதும் லூசி போட்ட திட்டம்தான்.

"என் மகன் போன்லயே கேக்கு வெட்டுவான். நாம போய் நல்லா சாப்பிட்டு வருவோம் வாடி" என்று முதல் வருஷம் கூப்பிட்டாள்.

"எனக்குத்தான் பிள்ளையே இல்லையே லூசி. எனக்கு என்ன அன்னையர் தினம்?"

"என் வேன்ல பதினாலு கிடக்கு. பாதி உனக்கு. போதுமா?"

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் லூசியின் கோயில், ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் தாமரையின் கோயில். அவள் பூசைக்கு இவள் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவாள், இவள் பூசைக்கு அவள் வந்து குங்குமம் வாங்கிக்கொள்வாள். யார் சாமி பெரிது என்ற பேச்சு அவர்களுக்குள் வந்ததே கிடையாது.

இந்த வருஷம் கிள்ளானுக்குப் போக இன்னொரு காரணமும் இருந்தது. மார்ச் மாதம் ஒரு நாள் கேண்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே லூசி, "கண்ணு ஓரத்துல கொஞ்சம் மங்கலா இருக்கு தாமர" என்றாள். தாமரை யோசிக்கவே இல்லை.

"கிள்ளான் அம்மனுக்கு வேண்டிக்க. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், கவிச்சி தொடாம இரு. முடிஞ்சதும் வெள்ளியில கண்மலர் வாங்கிச் சாத்திடலாம். எங்க அம்மாவுக்கு அப்படித்தான் சரியாச்சு."

ஆஸ்பத்திரிக்கும் போ என்று அன்றைக்குச் சொன்னோமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு முன்னால் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தும் அது தாமரைக்கு ஞாபகம் வரவில்லை. லூசி நாற்பத்தெட்டு நாளும் ஒழுங்காக விரதம் இருந்தாள். கேட்கும்போதெல்லாம், "பரவால்ல லா, தேவல" என்றாள். ஞாயிற்றுக்கிழமையோடு மண்டலம் முடிகிறது. முடிவதற்குள் சந்தேகப்பட்டுக் கேட்டால் அது அம்மனையே சந்தேகப்பட்டது போல ஆகிவிடாதா? கண்மலர் சாத்தின பிறகு கேட்கலாம் என்று தாமரை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் அவள் கணவர் பரமேஸ்வரன், "பேசாம கொமுட்டர்ல போங்களேன், ரயிலு ரவாங்குலேருந்து நேரா போகுதே" என்றார்.

வேனிலிருந்து லூசி கத்தினாள். "அண்ணே, சோறு விக்கிறவள வேற கடையில சாப்பிடச் சொல்றீங்களா? நீ ஏறுடி!"

ஏறி உட்கார்ந்ததும் லூசி சொன்னாள்: "நீ இடப்பக்கம் பாத்துக்க. நான் கேக்கறப்ப பாத்துச் சொல்லு. பேச்சுத் துணைக்கு."

பேச்சுத் துணை என்றுதான் சொன்னாள். ஆனால் ரவாங்கைத் தாண்டுவதற்குள் எட்டுத் தடவை கேட்டுவிட்டாள். "இடப்பக்கம் கிளியரா? மோட்டார் எதுவும் வருதா?" தாமரைக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எது கிட்டத்தில் வருகிறது, எது தூரத்தில் வருகிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. லூசி ஒரு சிமெண்டு லோரிக்குப் பின்னால் ஒட்டினாற்போலப் போனாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அடித்து முந்திப் போனார்கள்.

"ஏன் லூசி, அந்த லோரிய விட்டு விலகிப் போயேன்."

"இருக்கட்டும் லா. அவரு ஞாபகமா இருக்கு." சிரித்தாள். ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் சிரிக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழைகிற திருப்பத்தில்தான் அது நடந்தது. லூசி கேட்கவில்லை, தாமரையும் சொல்லவில்லை. கைப்பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிக் குனிந்திருந்தாள். வேன் இடதில் திரும்பியது. பட்டென்று ஒரு சத்தம். மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரப் பையன் காலை ஊன்றித் தப்பிவிட்டான். உள்ளங்கையால் வேனை ஓங்கி அடித்து, "பூத்தா கே, மச்சிக்?" என்று கத்தினான்.

குருடா அம்மா என்று அர்த்தம். இந்த ஊரில் சாலையில் யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்கிற கேள்விதான். வேறு நாளாக இருந்தால் லூசி ஜன்னலை இறக்கி அவன் பரம்பரையையே இழுத்திருப்பாள். அன்றைக்கு ஜன்னலை இறக்கவே இல்லை. உதடு வெளுத்துப் போய் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாமரைக்கு அப்போதுதான் ஒன்று மண்டையில் உறைத்தது. ஜனவரியிலிருந்து லூசி வேனில் ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தாள். பிள்ளைகள் ஏறும்போதும் இறங்கும்போதும் தங்கள் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "ஷாமினி ஏறிட்டேன் ஆன்டி!" "பிரவின் இறங்கிட்டேன் ஆன்டி!" முதலாம் ஆண்டு தனேஷ், இருக்கிறதிலேயே பொடியன், அவன் கத்துகிற கத்து கேண்டீன் வரைக்கும் கேட்கும். வேன் ஆன்டி நல்ல ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிறார் என்று தலைமையாசிரியர்கூட மெச்சினார். பிள்ளைகளை அவளால் எண்ணிப் பார்க்க முடியவில்லை, காதால் எண்ணுகிறாள் என்று யாருக்குத் தோன்றும்?

வேனை ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்தினார்கள். லூசி தெருவில் நடக்கும்போது நடைபாதையில் பதித்திருந்த மஞ்சள் மேட்டுக் கல்லை விட்டு இறங்காமல் நடந்தாள். பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் நிறையப் பேர் நடமாடுவார்கள். அவர்கள் காலால் தடவி வழி கண்டுபிடிப்பதற்காகப் போட்ட கல் அது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு எதிரே ஒரு சீனப் பெரியவர் வந்தார். லூசி ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

"சின்ன வயசுல இவங்கள கையப் புடிச்சு ரோட்டத் தாண்ட விடுவேன். அஞ்சு காசு மிட்டாய் குடுப்பாங்க. எங்கப்பா மிட்டாய் வாங்கினதுக்கு அடிச்சாரு. உதவி பண்ணிட்டு கூலி வாங்குவியான்னு." பக்கவாட்டில் வந்த ஒரு பூக்கடைத் தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டாள். "அலாமாக், சாரி பொஸ், சாரி."

தாமரை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். லூசி விடுவித்துக்கொள்ளவில்லை. அதுதான் தாமரைக்கு இன்னும் பயமாக இருந்தது. யாராவது கையைப் பிடித்தால் "நான் என்ன கிழவியா" என்று உதறுகிறவள் அவள்.

பூசைச் சாமான் கடையில் வெள்ளித் தகட்டில் செய்த கண்மலர் ஒரு சோடி வாங்கினார்கள். புருவமும் விழியுமாகச் சின்னதாய், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. லூசி அதை முகத்துக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க புனித லூசியம்மாவும் தட்டுல ரெண்டு கண்ண வச்சிக்கிட்டுத்தான் நிப்பாங்க, தெரியுமா? கண்ணுக்கு அவங்கதான் காவல். அவங்க திருநாள்ல பொறந்தேன்னுதான் எனக்கு இந்தப் பேரு." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "எங்க சைடுலயும் கேட்டுட்டேன், உங்க சைடுலயும் கேட்டுட்டேன். ரெண்டு பேரும் சேந்து ஏதாச்சும் செய்ய மாட்டாங்களா?"

சாயங்காலப் பூசையில் லூசி முழங்காலிலேயே இருந்தாள். தாமரை மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மாதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: தாயே, எனக்குப் பேச வாய் கொடு. இந்தப் பொம்பளையைக் காயப்படுத்தாமல் பேச வாய் கொடு.

மறுநாள் காலையில், ராத்திரி தங்கிய விடுதிக்குப் பக்கத்திலேயே இட்லியும் நுரைக்க ஆற்றிய தே தாரேயும் பசியாறிவிட்டுக் கிள்ளானுக்குக் கிளம்பினார்கள். அந்தப் பெரிய சாலையில் தாமரை குனியவே இல்லை. இடப்பக்க ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வருது, வருது, நில்லு. இப்பப் போ" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. மனசுக்குள் ஓம் சக்தி ஓம் சக்தி என்று ஓடிக்கொண்டே இருந்தது. கோயில் வளாகத்தில் வேன் நின்ற பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், "யார் பேருக்கும்மா?" என்றார்.

"லூசி."

அவர் தலை நிமிர்ந்தார். "நட்சத்திரம்?"

"எங்களுக்கு ஏது சாமி நட்சத்திரம். பெத்லகேம்ல ஒண்ணு வந்துச்சு, அதோட சரி."

குருக்கள் சிரித்துவிட்டார். "சாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று உள்ளே போனார். தீபம் காட்டும்போது அம்மன் முகத்தில் அந்த வெள்ளிக் கண்கள் மின்னின. தாமரைக்குக் கண்ணீர் கொட்டியது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பினாள்.

கும்பிட்டு முடித்து இருவரும் மண்டபத் தூணோரம் உட்கார்ந்தார்கள். லூசி இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். விரல்களை ஆட்டினாள். முகத்தை நேரே வைத்துக்கொண்டு, ஆட்டிக்கொண்டே கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தாள். தோளைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, கை கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

"இங்கதான் தெரியுது" என்றாள். "நேத்தும் இங்கதான்."

தாமரை அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"குழாய் வழியா பாக்கிற மாதிரி இருக்குடி. நேரா இருக்கிறது பளிச்சுனு தெரியும். சைடு எல்லாம் இல்ல. கண்ணுக்குள்ள அழுத்தமாம். நரம்பு செத்துக்கிட்டே வருதாம். போனது திரும்ப வராது, இருக்கிறத காப்பாத்தச் சொட்டு மருந்து விடணும்னு டாக்டர் சொன்னாரு. வேன் ஓட்டவே கூடாதுன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"ஜனவரி."

"மருந்து விடுறியா?"

லூசி கோயில் கூரையைப் பார்த்தாள். "விட்டேன். மார்ச் வரைக்கும். நீ விரதம் சொன்ன இல்ல, அன்னையிலேருந்து நிறுத்திட்டேன்."

"நான் கவிச்சியத்தானே விடச் சொன்னேன்!" தாமரையின் குரல் அவளுக்கே தெரியாமல் ஏறிவிட்டது.

"கவிச்சி விடுறது எனக்கு என்னடி பெரிய விஷயம்? நாங்க தவக்காலத்துல எது இல்லாம இருக்க முடியாதோ அதத்தான் சாமிக்காக விடுவோம். எங்கம்மா காப்பிய விடுவாங்க, எங்கப்பா பீர விடுவாரு. எனக்கு எது இல்லாம முடியாது? யோசிச்சுப் பாத்தேன். அந்தச் சொட்டு மருந்துதான். அத விட்டாத்தானே உங்க அம்மனுக்கு நான் முழுசா நம்புறேன்னு தெரியும்? ஒரு கையில மருந்தும் ஒரு கையில வேண்டுதலும் வச்சிக்கிட்டா அது என்ன நம்பிக்கை?"

நாற்பத்தெட்டு நாள். சாமி பேரைச் சொல்லி நல்லது செய்வதாக நினைத்து அவள் வாயால் சொன்ன ஒரு வார்த்தை. அதை இவள் தன் வழக்கத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, இருந்த கொஞ்சத்தையும் தொலைத்துக்கொண்டாள். அம்மன் கேட்டாளா இதை? ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டாள். கேட்டது நான்தான் என்று தாமரை நினைத்தாள்.

"நாளைக்கு ஓட்டாத லூசி."

"டிசம்பர் வரைக்கும்தான். வேன் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனா எப்படியும் டாக்டர் கையெழுத்து போடமாட்டாரு. அதோட நிறுத்திக்கிறேன். இந்த வருஷம் மட்டும்."

"கூடாது."

"நீ வேணா என்கூட வந்து முன்னால உக்காரு. நேத்து இன்னைக்கு எப்படிச் சொன்ன? அந்த மாதிரி சொல்லு."

"நேத்து ஒருத்தன் செத்திருப்பான். நான் பாட்டில எடுக்கக் குனிஞ்சேன். அவ்ளோதான்." தாமரை கையை நீட்டினாள். "இல்லாம முடியாததைத்தானே சாமிக்குக் குடுக்கணும்? அப்ப மருந்து இல்ல அது. சாவியக் குடு."

லூசி அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"பிள்ளை இல்லாதவளுக்கு என் பிழைப்பப் பத்தி என்னடி தெரியும்?"

சொல்லிவிட்டு விடுவிடென்று வாசலுக்கு நடந்தாள். இருபத்தேழு வருஷத்தில் லூசி அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தாமரை கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் செருப்பைக்கூடத் தேடாமல் பின்னாலேயே ஓடினாள்.

லூசி அதற்குள் வேனில் ஏறி எஞ்சினை முடுக்கியிருந்தாள். தாமரை வேனின் இடது முன் மூலையில் போய் நின்றாள். தடுக்க வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. லூசி தன்னைப் பார்க்கிறாள், கோபத்தில் முகத்தைத் திருப்பாமல் இருக்கிறாள் என்றுதான் நினைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் லூசியின் முகம் நன்றாகத் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

வேன் இடது பக்கமாகத் திரும்பி நகர்ந்தது. தாமரையின் இடுப்பில் இடித்தது. கல்தரையில் விழுந்தாள்.

"நிறுத்து! நிறுத்து! பொம்பள விழுந்துட்டாங்க!" என்று பூ விற்கிற அக்கா அலறினார்.

வேன் குலுங்கி நின்றது. லூசி இறங்கி, வேனைச் சுற்றி ஓடி வந்தாள். தரையில் கிடந்தவளைப் பார்த்ததும் அவளுக்கு வாய் குழறியது.

"நீ எங்கேருந்துடி வந்த? எங்கேருந்து வந்த?"

"நான் எங்கேருந்தும் வரல லூசி. இங்கயேதான் நின்னேன்."

பூக்கார அக்கா தண்ணீர் கொண்டுவந்தார். முழங்கையில் தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. இடுப்பு வலித்தது, ஆனால் எழுந்து உட்கார முடிந்தது. லூசி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாமரையின் முழங்கையைத் துடைக்கப் போனவள் பாதியில் விட்டுவிட்டாள். வேனின் மூலையைப் பார்த்தாள். தாமரை உட்கார்ந்திருந்த உயரத்தைப் பார்த்தாள்.

"தனேஷு உன் இடுப்புக்குக்கூட இல்லடி" என்றாள்.

அதற்கு மேல் தாமரை ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. லூசி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பெற்றோர் வாட்சப் குழுவைத் திறந்து, பேசிப் பதிவு செய்கிற இடத்தில் கட்டை விரலை அழுத்திக்கொண்டு பேசினாள்.

"வேன் ஆன்டி பேசறேன். நாளைக்கு வேன் வராது. அதுக்கப்புறமும் வராது. எனக்குக் கண்ணு போயிடுச்சு. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் ஜனவரிலயே சொல்லிட்டாரு. நான் உங்க யார்கிட்டயும் சொல்லல. தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க."

தாமரை பதறினாள். "ஜனவரின்னு ஏன் சொன்ன? கண்ணு சரியில்லன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே."

"பூனை, பூனைன்னு எவ்ளோ நாளைக்கு லா சொல்றது?"

வேனைக் கோயிலிலேயே விட்டார்கள். ரேமண்ட் ஜொகூரிலிருந்து வந்து எடுத்துக்கொள்வான் என்று நிர்வாகத்தில் சொன்னதும் ஓரமாகத் தள்ளிவைக்க ஆள் கொடுத்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கொமுட்டர் நிலையத்துக்கு நடந்தார்கள். இவளுக்கு இடுப்பு வலி, அவளுக்குப் பக்கம் தெரியாது. ரயிலில் அன்னையர் தினக் கூட்டம். கேக்குப் பெட்டியும் பலூனுமாகக் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். ஒரு சின்னப் பெண் எழுந்து, "உக்காருங்க ஆன்டி" என்று இடம் கொடுத்தாள்.

ரயில் ஷா ஆலத்தைத் தாண்டியது. தாமரைதான் ஆரம்பித்தாள்.

"நான் அன்னைக்கு முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லியிருக்கணும். சாமிய இழுத்து விட்டுட்டேன். எனக்கு அந்தப் பாவம் இருக்கு."

"சும்மா இரு. நீ சொல்லாட்டி வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்க. எனக்கு அப்படி ஒருத்தர் சொல்லணும்னு இருந்துச்சு. சாமி பாத்துக்கும்னு ஒருத்தர் சொன்னா ஓட்டிக்கிட்டே இருக்கலாம் இல்ல?" லூசி ஜன்னலுக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் மண்டபத்துல சொன்னது..."

"விடு."

"விட மாட்டேன். அத நான் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்" என்றாள் தாமரை. பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வலித்த வார்த்தைக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்ல முடியவில்லை. ஆனால் லூசியின் கையை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் லீவு சொல்லிடறேன்."

"கேண்டீன்ல மீ யாரு கிண்டுவா?"

"ஒரு நாள் ரொட்டி தின்னட்டும்."

லூசியின் போன் அதிர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் விடாமல். அவள் அதைத் தாமரையிடம் நீட்டினாள்.

"படி."

தாமரைக்கு மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதினால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். முதலில் வந்தது ஷாமினியின் அம்மா. அதைப் படித்துவிட்டு அவள் போனை மடியில் கவிழ்த்தாள்.

"என்னவாம்?"

"அப்புறம் பாத்துக்கலாம் லூசி."

"படின்னா படி."

தாமரை குரலைத் தாழ்த்திப் படித்தாள். "ஜனவரியிலிருந்து தெரிஞ்சும் என் பிள்ளைய ஏத்தினீங்களா ஆன்டி?"

லூசி தலையை ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. எதிரே நின்ற குடும்பத்தில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"நியாயந்தானே" என்றாள். "அடுத்தது யாரு?"

"பிரவின் அப்பா."

"ம். படி."

தாமரை போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தாள்.